எம்டி3 ஸ்பிண்டிலில் கட்டர் மாற்றுவது: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிவது

மேசை மேல் வைக்கும் சின்ன மில்லிங் மெஷினில் கட்டர் சுற்றும்போது யாரும் கையை நீட்டுவதில்லை. மெஷின் நின்ற பிறகு, இறுகிப்போன எண்ட் மில்லை (நுனியிலும் பக்கத்திலும் பல் உள்ள கட்டரை) கழற்றும் அந்த அரை நிமிடத்தில்தான் கை கிழியும்.

எம்டி3 (மோர்ஸ் டேப்பர் 3) என்பது ஸ்பிண்டிலில், அதாவது கட்டரைச் சுழற்றும் தண்டில், உள்ள கூம்புத் துளையின் ஓர் அளவு. அந்தக் கூம்பின் (டேப்பரின்) சரிவு ஏறக்குறைய 20க்கு 1. அதனால் டிராபாரை (மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் நீண்ட போல்ட்டை) தளர்த்தினாலும் கவ்வல் விடாது, தட்டித்தான் இறக்க வேண்டும். ஆர்8 என்ற இன்னொரு வகை டேப்பரின் கோணம் 17 டிகிரிக்குச் சற்றுக் குறைவு; லேசாகத் தட்டினாலே இறங்கிவிடும். வாங்கும்போது இரண்டும் கிடைத்தால் யோசிக்காமல் ஆர்8 எடுக்கலாம்.

எம்டி3 என்றால், முதலில் ப்ளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். டேபிளில் ஒரு மரப்பலகை. கட்டர் விழுந்தாலும் முனை உடையாது. ஸ்பிண்டில் சுற்றாமல் பூட்டும் முள்ளைப் போட்டு, டிராபாரை ஒன்றரைச் சுற்று மட்டும் தளர்த்தவும். கடைசி மரை வரை கழற்றிவிட்டு அடித்தால் இரண்டு மரை மட்டும் அடியைத் தாங்கும், சீக்கிரம் மழுங்கும். கட்டரைத் தடித்த துணியால் பிடித்துக்கொண்டு, டிராபார் தலையில் பித்தளைச் சுத்தியால் சுருக்கென்று ஒரே அடி. டொக் டொக் என்று தட்டிக்கொண்டே இருந்தால் பேரிங்தான் அடி வாங்கும்.

ஓடிச் சூடான ஸ்பிண்டிலில் குளிர்ந்த ஆர்பரை (கட்டரைத் தாங்கும் கூம்புத் தண்டை) மாட்டி இறுக்கி, இரவு முழுக்க அப்படியே விட்டால் மறுநாள் கழற்றுவது பெரும்பாடு. வேலை முடிந்ததும் தட்டி இறக்கிவிடுவது நல்லது.

முள்ளை எடுக்க மறந்து மெஷினைப் போட்டால், பிளாஸ்டிக் கியர் உள்ள மெஷினில் பல் போய்விடும். ஸ்பேனரை டிராபார் மேலேயே விட்டால் அது பறக்கும். முள்ளும் ஸ்பேனரும் தட்டில் இருந்தால்தான் ப்ளக்கை மாட்டுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சுத்தி வேலையே வேண்டாம் என்றால், ஈஆர்32 கோலெட் சக்கை (நட்டை இறுக்கினால் சுருங்கும் கோலெட் என்ற பிளவுக் குழாயால் கட்டரைப் பிடிக்கும் பிடிப்பானை) ஸ்பிண்டிலிலேயே மாட்டி வைத்துவிடலாம். நாள்பட்ட பயன்பாட்டுக்கு இதுவே சரி. இதற்குக் கொடுக்கும் விலை உயரம்தான்: சக் கீழே நீளும் அளவுக்கு வேலைப்பொருளுக்கான இடம் குறையும். உயரமான வைஸ் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் அளந்து பார்க்கட்டும்.

கோலெட்டை முதலில் நட்டில் சாய்த்து 'க்ளிக்' என்று உட்கார வைக்க வேண்டும். அதன் பிறகே கட்டர், பிறகு சக். கோலெட்டைச் சக்கில் போட்டுவிட்டு மேலே நட்டைத் திருகினால் கட்டர் ஆடும். கழற்றும்போது கோலெட் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். 10 மி.மீ. கோலெட் 9 மி.மீ. வரை சுருங்கும், என்றாலும் 10 மி.மீ. ஷேங்க்கைத்தான் (கட்டரின் பல் இல்லாத தண்டுப் பகுதியைத்தான்) நன்றாகப் பிடிக்கும். ஷேங்க் கோலெட்டின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே போகட்டும்.

இரண்டு ஸ்பேனரையும் குறுகிய 'வி' போல வைத்து ஒரே கையால் பிழிந்து இறுக்கவும். தனித்தனியாக இழுத்தால் ஒன்று வழுக்கி, விரல் முட்டி நேராகக் கட்டர் பல்லில் போய் மோதும்.

ஷேங்க்கில் எண்ணெய் இருந்தால் கட்டர் மெல்ல மெல்லக் கீழே இறங்கும், பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகும். நட்டின் விளிம்பை ஒட்டி ஷேங்க்கில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால், கோட்டுக்கும் நட்டுக்கும் இடைவெளி விழுந்ததா என்று பார்த்தவுடன் தெரியும்.