சோப்புக்கு ஹேண்ட் பிளெண்டர் வாங்குறவங்க முதல்ல அந்தத் தண்டைப் பாருங்க

என்னோட ஹேண்ட் பிளெண்டர் ரிப்பேருக்குப் போயி திரும்பி வந்திருக்கு, சரியாகி வரல, அப்படியே வந்திருக்கு. அதே சமயத்துல புதுசா கோல்ட் ப்ராசஸ் சோப்பு (அடுப்புல வேக வைக்காம, எண்ணெயும் காஸ்டிக் சோடா கரைச்ச தண்ணியும் கலந்து செய்றது) ஆரம்பிக்கிற தோழி ஒருத்தி "அக்கா, நீங்க வச்சிருக்கிறதையே நானும் வாங்கட்டுமா"ன்னு கேட்டிருந்தா. ரெண்டு வரில பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல, அதனால முழுசா எழுதிடறேன். வாட்ஸ், ஸ்பீடு எல்லாம் பெட்டி மேலயே போட்டிருக்கு, அதுக்குள்ள போகல.

நல்லத முதல்ல சொல்லணும், ஏன்னா இந்த மெஷின் அதுக்குத் தகுதியானதுதான். எண்ணெயும் காஸ்டிக் தண்ணியும் தானா ஒண்ணு சேராது, எண்ணெய எவ்வளவு பொடித் துளியா உடைக்கிறோமோ அவ்வளவு வேகமா ரியாக்ஷன் நடக்கும், கையால விஸ்க் வச்சு கலக்குறப்ப அந்த உடைப்பு நடக்கவே நேரம் எடுக்கும். ஆலிவ் ஆயில் அதிகம் போட்ட ரெசிப்பின்னா ஒரு மணி நேரம் தாண்டியும் ட்ரேஸ் (கலவை கெட்டியாகி, எடுத்து விட்டா மேல கோடு நிக்கிற பதம்) வராம கை வலிக்க நிக்க வேண்டியதுதான், பொறுமை போயி பாதியில மோல்டுல ஊத்தினா மேல எண்ணெய் மிதக்கும், கீழ காஸ்டிக் தேங்கி நிக்கும், அந்தக் கட்டிய உடம்புல தொடக் கூடாது. பிளெண்டர்ல அதே கலவை சில நிமிஷத்துல கஸ்டர்ட் பதத்துக்கு வந்துடுது. முதல் தடவை அந்த நிறம் மாறுறதப் பாத்தப்ப வந்த சந்தோஷம் இன்னும் குறையல, உண்மையாவே சொல்றேன்.

இன்னொண்ணு, இதோட அடி மணி, அதாவது பிளேட மூடியிருக்கிற மணி மாதிரி பகுதி. பக்கவாட்டுல பெரிய பெரிய ஓட்டையா விட்டிருக்காங்க, அதனால பாத்திரத்தோட அடியில போயி ஒட்டிக்கிட்டு இழுக்காது, காத்தும் உள்ள அதிகம் சிக்காது. சாய்ச்சு உள்ள விட்டு, ஸ்விட்ச் போடாம அடியில ரெண்டு தட்டு தட்டினா குமிழி எல்லாம் மேல வந்துடும், அப்புறம் அஞ்சு செகண்ட் ஓட்டு, நிறுத்து, அதையே கரண்டி மாதிரி வச்சு கலக்கு, திரும்ப அஞ்சு செகண்ட். தொடர்ந்து ஓட்டினா மோட்டார் சூடாகுறது ஒரு பக்கம், எப்ப கெட்டியாச்சுன்னே தெரியாம கை மீறிப் போயிடும், அதுவும் கிராம்பு எண்ணெய் போட்டிருந்தா கேக்கவே வேணாம், கண்ணு முன்னாடி இறுகிடும். வாசனை எண்ணெய் போட்டதுக்கு அப்புறம் பிளெண்டர வெளிய எடுத்து வச்சுட்டு ஸ்பேட்டுலா மட்டும்தான் நான். ஓடுறப்ப மட்டும் மணிய மேல தூக்கிடாதீங்க, தெறிக்கிறது தயிர் இல்ல, காஸ்டிக், கண்ணாடி போடாம அந்தப் பக்கமே போகாதீங்க.

இப்ப கோவத்துக்கு வரேன். மோட்டாருக்குக் கீழ நீளமா இருக்கிறதுதான் தண்டு; பிளேடுக்கு மேல, அந்தத் தண்டுக்குள்ள கம்பி சுத்துற இடத்துல ஒரு புஷ் (கம்பியத் தாங்குற சின்ன வளையம்), ஒரு ரப்பர் சீல். மொத்தப் பிரச்சினையும் அந்த விரல் நகம் அளவு இடத்துலதான். சோப்பு கலவை அதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா ஏறுது, உள்ள இருக்கிற கிரீஸ எடுத்துடுது, எண்ணெய்ப் பசைய எடுக்கிறதுதானே சோப்போட வேலை. கிரீஸ் போனா புஷ் காஞ்சு தேயும், கீச்சுன்னு சத்தம் வரும், கழுவி கவுத்து வச்சா மேல் முனையில இருந்து சாம்பல் கலர்ல தண்ணி சொட்டும். அடுத்த பேட்ச் வெள்ளை சோப்புன்னா அந்த சாம்பல் கோடு அதுல தெரியும். ஆட்டுப்பால் போட்டு, வெண்மையா வரணும்னு டெம்பரேச்சர் பாத்துப் பாத்து பண்ணின கட்டிய வெட்டினப்ப நடுவுல அழுக்குத் தீத்தல், எனக்கு அழுகையே வந்துடுச்சு.

சரி புஷ்தானே, மாத்திடலாம்னு மிக்ஸி ரிப்பேர் கடை அண்ணன்கிட்ட கொண்டு போனேன். மிக்ஸி ஜாருக்கு புஷ் வாஷர் பிளேடு எல்லாம் நம்ம ஊர்ல எந்தத் தெருவுலயும் கெடைக்கும், உக்காந்த இடத்துலயே கழட்டி மாத்திக் குடுத்துடுவாங்க, பாட்டி காலத்து ஜார் கூட இன்னும் ஓடிட்டு இருக்கு. இந்தத் தண்டை அவரு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இத தொறக்கிற மாதிரியே செய்யலம்மா, பிரஸ் பண்ணி அடைச்சிட்டான், அறுத்தாதான் உண்டு"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. கம்பெனி சர்வீஸ்ல கேட்டா தண்டு தனியா ஸ்டாக் இல்ல, முழு செட்டா வாங்கிக்கோங்கங்குறாங்க. மோட்டார் கல்லு மாதிரி இருக்கு! ஒரு சின்ன ரப்பருக்காக நல்ல மோட்டார தூக்கிப் போடச் சொல்றது என்ன நியாயம்னு எனக்குப் புரியல. நியாயமா சொல்லணும்னா இத அவங்க சூப்புக்கும் லஸ்ஸிக்கும் செஞ்சாங்க, காஸ்டிக்குக்கு இல்ல, அது எனக்கும் தெரியும். ஆனா சூப்பு ஏறினாலும் அதே இடத்துலதானே அழுகும், அது வயித்துக்குள்ள போறது இல்லையா?

அதனால இப்பல்லாம் வேலை முடிஞ்ச உடனே டிஷ்யூவால வழிச்சுட்டு, சுடுதண்ணில மணி மட்டும் முங்குற அளவு வச்சு ஓட்டி, படுக்க வைக்காம தொங்க விட்டுக் காய வைக்கிறேன். தேய்மானம் மெதுவாகுது, நிக்கல.

மெட்டீரியல் பத்தி ஒரு வார்த்தை. தண்டு, மணி, பிளேடு எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருக்கணும், அலுமினியம்னா காஸ்டிக் பட்ட உடனே நுரைச்சு ஹைட்ரஜன் கேஸ் விடும், உலோகமும் அரிக்கும். காந்தம் வச்சுப் பாத்து கண்டுபிடிச்சிடலாம்னு சிலர் சொல்றாங்க, அது ஆகாது, அலுமினியமும் ஒட்டாது, 304ங்கிற நல்ல ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஒட்டாது. கேக்குக்கு வச்சிருக்கிற ரெட்டை பீட்டர் வேணவே வேணாம், காத்தடிச்சு நுரையாக்கும், தெறிக்கும். மிக்ஸி ஜார்ல மூடி போட்டு சூடா காஸ்டிக் கலவைய ஓட்டுறத நினைச்சாலே எனக்கு உதறுது. மரக்கரண்டிய காஸ்டிக் அரிச்சு நார் நாரா ஆக்கிடும். சிலிக்கோன் ஸ்பேட்டுலா கைப்பிடியோட ஒரே வார்ப்பா இருக்கிறதா பாருங்க, கழட்டுற மாதிரி இருந்தா அந்த இடுக்குல பழைய சோப்பு தங்கும்.

கோயம்புத்தூர்ல மார்கழி காலைல பண்றவங்களுக்கு ஒண்ணு, தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்குல உறைய ஆரம்பிச்சிடும், எண்ணெய வெதுவெதுப்பாக்காம பிளெண்டர் போட்டா சீக்கிரம் கெட்டியாகி ட்ரேஸ் வந்த மாதிரியே காட்டும், அது பொய் ட்ரேஸ், மோல்டுல சூடு ஏறினதும் பிரிஞ்சு போகும். 35, 40 டிகிரில வச்சுக் கலக்குங்க.

இவ்வளவு புகழ்ந்துட்டு இத சொல்றது எனக்கே கஷ்டமாதான் இருக்கு, ஆனா தங்கச்சி, இத நீ வாங்காத. கலக்குற வேலைல நான் பாத்ததுலயே இதுதான் சிறந்தது, அப்பவும் வாங்காத. கடைக்குப் போனா வாட்ஸ் எவ்வளவுன்னு கேக்காம "தண்டு மட்டும் தனியா குடுப்பீங்களா, என்ன விலை"ன்னு கேளு, குடுப்போம்னு சொல்றவன்கிட்ட மெஷினோட ஒரு தண்டும் சேத்தே வாங்கிடு. அது கெடைக்கிற வரைக்கும் 500 கிராம் பேட்ச்சா பண்ணு, மொத்த எண்ணெய்ல விளக்கெண்ணெய் 8 சதவீதம் வச்சுக்கோ, சீக்கிரம் கெட்டியாகும், ஸ்டீல் விஸ்கே போதும். அந்த விஸ்க்கோட கைப்பிடிக்குள்ள தண்ணி ஏறுதான்னு மட்டும் வாங்கும்போதே பாத்துக்கோ.