போனை இடப்பக்கம் பிடிக்கச் சொன்ன டாக்டர்: எங்கள் ஒன்பது மாத வீடியோ சிகிச்சை

பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மறுவாழ்வு மருத்துவரிடம் நேரில் போய்ச் சேர்வதற்குள்ளேயே அவர் களைத்துவிடுவார். வீட்டில் நன்றாகத் தூக்கும் கையை டாக்டர் முன்னால் அசைக்கக்கூடத் தெம்பிருக்காது. அதனால்தான் ஒரு வீடியோ கன்சல்டேஷன் சேவையில் சேர்ந்தோம். இதுவரை பதினோரு சந்திப்புகள் முடிந்திருக்கின்றன.

முதல் சந்திப்பிலேயே அந்த டாக்டரம்மா மேல் எனக்கு மதிப்பு வந்தது. "எதுவும் பேசாம போனை ஐயாவோட இடப்பக்கம் கொண்டு போங்க" என்றார். அப்பா திரும்பவே இல்லை. வலப்பக்கம் கொண்டுவந்ததும் உடனே பார்த்துச் சிரித்தார். அப்பாவைப் போல மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்கள் சிலருக்கு இடப்பக்கம் இருப்பது எதுவும் கவனத்திலேயே ஏறாதாம். தட்டில் இடது பாதி தினமும் அப்படியே மிஞ்சியதை நாங்கள் பசியின்மை என்று நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்து வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னார். கட்டிலின் உயரம், குளியலறை வாசற்படி, தரைவிரிப்பின் மடிந்த ஓரம் என எல்லாவற்றையும் பார்த்தார். கழிப்பறைக் கைப்பிடியைச் செயலிழந்த இடது கைப் பக்கமே பொருத்தி வைத்திருந்தோம். அதை மாற்றச் சொன்னார். மருத்துவமனை அறையில் உட்கார்ந்திருந்தால் இது அவர் கண்ணில் பட்டிருக்க வழியே இல்லை.

நடையைப் பார்க்க ஒரு சோதனை உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பார்கள். முதலில் 41 நொடி ஆனது, இப்போது 26. நேரலையில் படம் விட்டுவிட்டு வந்ததால், முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் முன்கூட்டியே எடுத்து அனுப்பச் சொன்னார். முழங்கால் தெரிய உடையைச் சுருட்டி, போனை இடுப்புயரத்தில் பிடித்து எடுத்தோம். ஊன்றும்போது முட்டி பின்பக்கமாக வளைவதை அதில்தான் கண்டுபிடித்து, கணுக்கால் பிரேஸை மாற்றினார். முக்கியமாக ஒன்று: அப்பாவைப் பிடிக்க ஒருவர், போனைப் பிடிக்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும். தனியாளாக இரண்டையும் செய்யப் போய் ஒருமுறை அவர் சரிந்துவிட்டார். முன்பதிவின்போதே "கூட யார் இருக்கிறார்கள்?" என்று இந்தச் சேவை கேட்டிருக்க வேண்டும். இன்றுவரை கேட்பதில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது ஏழாவது சந்திப்பில். எங்கள் டாக்டர் விடுப்பில் இருந்ததால் வேறொருவர் வந்தார். "இறுக்கம் கூடியிருக்கா?" என்று கேட்டார், ஆமாம் என்றேன். தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மருந்தின் அளவை ஏற்றிவிட்டார். தசை இறுக்கத்தை 0 முதல் 4 வரை மதிப்பிடும் ஆஷ்வொர்த் அளவுகோலுக்கு, டாக்டர் தன் கையால் மூட்டை மடக்கி நீட்டி எதிர்ப்பை உணர வேண்டும். என் "ஆமாம்" அதற்கு எப்படி ஈடாகும்? அப்பா பகலெல்லாம் தூங்கினார். நிற்க வைத்தால் கால் மடிந்தது. அந்த இறுக்கம்தான் அவர் காலை ஊன்ற வைத்திருந்தது என்று எங்கள் டாக்டர் வந்தபின் விளக்கினார். சட்டென நிறுத்தினால் ஆபத்தான மருந்து என்பதால் படிப்படியாகக் குறைத்து, நேரில் வரச் சொன்னார்.

நேரில் இடது தோளைத் தொட்டவுடனே, எலும்பு குழியிலிருந்து ஒரு விரல் அகலம் கீழே இறங்கியிருப்பதைச் சொல்லிவிட்டார். தூக்கிவிடும்போது நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்ததும் அவருடைய தோள் வலிக்கு ஒரு காரணம். அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. மணிக்கட்டு இறுக்கத்துக்குப் போட்டுலினம் டாக்சின் ஊசியும் அன்றே போட்டார். அதன் பலன் சுமார் மூன்று மாதம் நிற்கும். ஊசிக்குப் பின் விரல் எவ்வளவு விரிகிறது என்பதைப் பார்க்க வீடியோவே போதுமாக இருந்தது.

பதினோரு சந்திப்புகளில் மூன்று தடவை அவர் "இதை இங்கிருந்து சொல்ல முடியாது, நேரில் கூட்டிட்டு வாங்க" என்றிருக்கிறார். இந்தச் சேவையில் நான் தொடர்வதற்கு அந்த மூன்று தடவைகள்தான் காரணம். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று அந்த ஏழாவது சந்திப்புக்காக. நீங்கள் சேர்வதாக இருந்தால், ஒரே டாக்டர்தான் தொடர்ந்து பார்ப்பாரா என்பதை முதலில் கேளுங்கள். அவர் விடுப்பில் இருந்தால் மருந்து அளவை யார் மாற்றுவார்கள் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.