உலக வங்கியா, வி-டெமா: நல்லாட்சியை அளக்க எந்தத் தரவு?

எம்.ஏ. பொருளியல் ப்ராஜெக்ட் காலம் வந்துவிட்டால் மதுரைக் கல்லூரிகளில் ஒரு தலைப்பு தவறாமல் தலைகாட்டும்: ‘நல்லாட்சியும் பொருளாதார வளர்ச்சியும்’. வளர்ச்சிக்கு ஜிடிபி இருக்கிறது, சரி. ஆட்சி நன்றாக இருக்கிறதா என்பதை எந்த எண்ணில் அளப்பது? அலசிப் பார்த்தால் கடைசியில் மிஞ்சுவது இரண்டு. ஒன்று, உலக வங்கியின் உலக ஆளுகைக் குறியீடுகள், சுருக்கமாக டபிள்யூஜிஐ. மற்றது, ஸ்வீடனில் கோதன்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் வி-டெம் (வெரைட்டீஸ் ஆஃப் டெமாக்ரசி) என்ற ஜனநாயகத் தரவுத் தொகுப்பு. என் பிஎச்டிக்காக இரண்டையும் இறக்கி ஓட்டிப் பார்த்துவிட்டு வி-டெமைத்தான் எடுத்துக்கொண்டேன். அதனால் இதை நடுவர் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மற்றவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் ஊழல் குறியீடு 2012இல் கணக்கிடும் முறையையே மாற்றியது. அதற்கு முந்தைய மதிப்பெண்களைப் பிந்தையவற்றோடு ஒப்பிட முடியாது. தொழில் நடத்துவது எங்கே எளிது என்று நாடுகளை வரிசைப்படுத்திய உலக வங்கியின் ‘டூயிங் பிசினஸ்’ அறிக்கையில் இந்தியா 142ஆம் இடத்திலிருந்து 63க்கு வந்ததைப் பற்றி எவ்வளவோ பேசினார்கள். தரவில் முறைகேடு நடந்தது தெரியவந்து 2021 செப்டம்பரில் அந்த அறிக்கையையே நிறுத்திவிட்டார்கள்.

டபிள்யூஜிஐயின் வசதி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆறே குறியீடுகள்: மக்கள் குரல், அரசியல் நிலைத்தன்மை, அரசின் செயல்திறன், ஒழுங்குமுறைத் தரம், சட்டத்தின் ஆட்சி, ஊழல் கட்டுப்பாடு. இருநூறுக்கு மேற்பட்ட நாடுகள். கோப்பும் சின்னது, ஜிடிபி எடுக்கிற தளத்திலேயே கிடைக்கும். முந்தைய ஆய்வுகளில் பாதிக்கு மேல் இதைத்தான் பயன்படுத்தியிருப்பதுபோல் தோன்றும், எனவே வைவாவில் ‘இது என்ன டேட்டா’ என்று யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஆறையும் ஒரே ரிக்ரெஷனில் (ஒன்று மற்றொன்றோடு எப்படி மாறுகிறது என்று கணிக்கும் சமன்பாட்டில்) போடுவது. ஆறும் ஒன்றோடொன்று ஒட்டியே நகரும். எந்தக் கெழு (ஒவ்வொன்றின் தாக்கத்தையும் காட்டும் எண்) எதைச் சொல்கிறது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

என் முடிவைத் தீர்மானித்தது காலம். நான் எடுத்த பதிப்புகளில் டபிள்யூஜிஐ மதிப்பு சுமார் -2.5 முதல் +2.5 வரை இருக்கும். அவற்றில் ஒவ்வோர் ஆண்டும் உலகச் சராசரியைப் பூஜ்யமாக வைத்திருந்தார்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு வியாபாரி தினமும் ‘இன்றைய சராசரியைவிட என் மல்லிகை கிலோவுக்கு ஐம்பது ரூபாய் கூட’ என்று மட்டும் எழுதி வைக்கிறார் என்று வையுங்கள். அந்த நோட்டைப் புரட்டி, முகூர்த்த நாளில் விலை எகிறியதா, வரத்து கூடி விழுந்ததா என்று கண்டுபிடிக்க முடியுமா? உலகம் முழுக்க ஆட்சி கெட்டுப்போனாலும் அந்தப் பதிப்புகளில் டபிள்யூஜிஐ சராசரி பூஜ்யத்திலேயே நிற்கும். இதை உருவாக்கிய கௌஃப்மன், கிராய் இருவருக்கும் இது தெரியாததல்ல. உலகச் சராசரியில் பெரிய போக்கு எதுவும் தென்படவில்லை, ஆகவே பாதகமில்லை என்பது அவர்கள் வாதம்.

அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. பல நாடுகளைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்க்கும் பேனல் மாதிரியில் (மாடலில்) ஆண்டுக்கு ஒரு டம்மி (அந்த ஆண்டைக் குறிக்கும் 0/1 மாறி) போட்டு ஓட்டுகிறவருக்கு, எல்லா நாட்டுக்கும் பொதுவான ஏற்ற இறக்கம் எப்படியும் அதில் கழிந்துவிடும். அங்கே பூஜ்யச் சராசரி பெரிய தொல்லை இல்லை. ஆனால் நம் மாணவர்களில் பலர் எடுப்பது இந்தியாவை மட்டும். ஒற்றை நாட்டின் காலத்தொடருக்கு இது ஆகாது. இன்னொன்றும் உண்டு. டபிள்யூஜிஐ 1996இல்தான் தொடங்குகிறது, 2002 வரை ஓராண்டு விட்டு ஓராண்டுதான் தரவு. 1991 தாராளமயத்துக்கு முன்னும் பின்னும் என்று ஒப்பிட நினைப்பவருக்கு அந்த ‘முன்’னே அதில் இல்லை.

அடுத்தது திட்டப்பிழை, அதாவது மதிப்பு எவ்வளவு தவறக்கூடும் என்ற அளவு. டபிள்யூஜிஐயோடு ஒவ்வொரு மதிப்புக்கும் பிழையளவையும் தருகிறார்கள், நல்ல பழக்கம். பிழை 0.15 என்று வைத்தால், 90 சதவீத நம்பக இடைவெளி மதிப்பின் இரு பக்கமும் ஏறக்குறைய 0.25. ஒரு நாட்டின் மதிப்பு ஓராண்டில் 0.05 நகர்ந்ததை வைத்து ‘ஊழல் குறைந்தது’ என்று எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை. ஒவ்வொரு நாட்டையும் அதனோடு மட்டுமே ஒப்பிடும் ஃபிக்ஸட் எஃபெக்ட் மாதிரியோ நாடுகளுக்கு இடையிலான பெரிய வித்தியாசத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, இந்தச் சின்ன நகர்வுகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசும். அளவீட்டுப் பிழை அங்கேதான் அதிகமாக உறுத்தும்.

வி-டெம் 1789 வரை பின்னால் போகிறது, காலனி ஆட்சிக் கால இந்தியாவும் அதில் உண்டு. ஒரு கேள்விக்கு ஒரு நாட்டைப் பற்றிப் பல நிபுணர்கள் மதிப்பிடுவார்கள். ஒருவர் கறார், இன்னொருவர் தாராளம் என்பதைச் சரிக்கட்ட, எல்லோருக்கும் ஒரே கற்பனை நாட்டு விவரத்தைக் கொடுத்து மதிப்பிடச் சொல்வதும் உண்டு. பிறகு பேய்ஸ் என்ற புள்ளியியல் முறையில் ஒரு அளவீட்டு மாதிரி எல்லாவற்றையும் ஒரே கோலுக்குக் கொண்டுவரும். அந்தக் கோல் ஆண்டுக்கு ஆண்டு மறுபடி பூஜ்யத்துக்குத் திரும்புவதில்லை. 1975 நெருக்கடி நிலையில் இந்திய வரைபடம் சட்டென்று விழுந்து 1977இல் எழும்புவதைப் பார்க்கும்போது, இது காலத்தை அளக்கிறது என்று ஒரு நம்பிக்கை வருகிறது.

குறை இல்லாமல் இல்லை. நிபுணர் கருத்து என்றாலே சர்ச்சைதான். 2021 அறிக்கையில் வி-டெம் இந்தியாவை ‘தேர்தல் வழி எதேச்சாதிகாரம்’ என்ற வகையில் வைத்தது. 2022இல் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவைச் சேர்ந்த சஞ்சீவ் சன்யாலும் ஆகாங்க்ஷா அரோராவும் இத்தகைய குறியீடுகளின் முறையையே கேள்வி கேட்டு எழுதினார்கள். யார் அந்த நிபுணர்கள், எப்படித் தேர்ந்தார்கள் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குப் பயந்து டபிள்யூஜிஐக்கு ஓடினாலும் தப்ப முடியாது. அதுவும் பிறர் தரும் மதிப்பீடுகளைத் திரட்டிச் செய்ததுதான். அதன் மூலங்களில் வி-டெமும் ஒன்று!

நான் வேலை செய்தது தெற்காசிய நாடுகளோடு மட்டும். ஆப்பிரிக்காவையோ லத்தீன் அமெரிக்காவையோ எடுக்கிறவர்கள் அங்கே ஓட்டிய ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரே ஆண்டுக்கு நூறு, நூற்றைம்பது நாடுகளை ஒப்பிடும் ப்ராஜெக்டுக்கு நானே டபிள்யூஜிஐயைத்தான் சொல்வேன். மதுரை மாநகராட்சியின் நிர்வாகத்தை அளக்க வேண்டும் என்று கேட்கும் மாணவர்களுக்கு இரண்டுமே உதவாது, இரண்டும் நாட்டு அளவிலானவை. மாநிலங்கள் வரையிலாவது இறங்க, பெங்களூரு பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் 2016 முதல் வெளியிட்ட குறியீட்டைப் பார்க்கலாம்.

வி-டெமை எடுப்பதென்றால் முழுக் கோப்பை இறக்காதீர்கள். அதில் ஆயிரக்கணக்கான நெடுவரிசைகள், கல்லூரி லேப் கணினியில் எக்செல் உறைந்துபோகும். ‘கோர்’ என்ற சிறிய கோப்பு போதும், ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் தெரிந்தவர்களுக்கு அதற்கென்றே ஒரு பேக்கேஜும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் புதுப் பதிப்பு வரும்போது பழைய ஆண்டுகளின் மதிப்பையும் மறுபடி கணக்கிடுவார்கள், ஆகவே அட்டவணைக்குக் கீழே பதிப்பு எண்ணை எழுதிவிடுங்கள். அப்புறம், வி-டெமின் அரசியல் ஊழல் குறியீட்டில் எண் கூடினால் ஊழல் கூடுதல் என்று பொருள். டபிள்யூஜிஐயில் இதற்கு நேர்மாறு. கெழுவின் குறியைப் பார்த்துவிட்டு முடிவுரை எழுத உட்காருமுன் இதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.