வாங்கிய புத்தகம், இரவல் புத்தகம், தாத்தாவின் பேப்பர்

போன வருஷம் மதுரை தமுக்கத்தில் நடந்த புத்தகத் திருவிழாவில் மகளுக்குப் பதினொரு புத்தகம் வாங்கினேன். பத்து சதவீதத் தள்ளுபடி போக ஆயிரத்துச் சொச்சம் ஆனது. அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. பதினொன்றில் இரண்டைத்தான் கிழியக் கிழியப் படித்தாள். மீதி ஒன்பதும் ஷோகேஸில் பொம்மைகளுக்குப் பின்னால் நிற்கின்றன.

தப்பு புத்தகங்கள் மேல் இல்லை, என் மேல்தான். நாலு பக்கம் புரட்டிவிட்டு வைத்தாள் என்றால், "காசு குடுத்து வாங்கினதுடி, முழுசா முடி" என்பேன். அப்புறம் அந்தப் புத்தகத்தைக் கண்டாலே வீட்டுப்பாட நோட்டைக் கண்ட முகம்தான்.

நூலகத்துப் புத்தகத்தில் இந்த வம்பே கிடையாது. "இது வேணாம்மா" என்றால் சரி, ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிட்டு வேறு எடுத்துக்கொள்ளலாம். இப்படித் தள்ளித் தள்ளித்தான் தனக்கு எது பிடிக்கும் என்று அவளுக்கே தெரிந்தது: விலங்குகள் வர வேண்டும், புத்திமதி சொல்லும் முயல் மட்டும் வரக் கூடாது.

செலவு என்று பார்த்தாலும் நூலகத்துக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டோம். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள். நூலகத் துறை முன்னோடியான சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் பாடுபட்டு 1948-இல் வந்த பொது நூலகச் சட்டம் செய்துவைத்த ஏற்பாடு அது. கட்டிய பணத்துக்குப் புத்தகம் எடுக்காமல் விடுவானேன்?

குறையும் உண்டு. எங்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் பாதி இடம் போட்டித் தேர்வு கைடுகளுக்கு. சிறுவர் புத்தகம் ஒரே ஒரு அலமாரி, அதிலும் கீழ்த்தட்டு. சிங்கத்துக்கு யாரோ பால்பாயிண்டில் கண்ணாடி மாட்டியிருந்தார்கள் (மகளுக்கு அதுதான் பிடித்த பக்கம்). புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதி இதற்கு நேர்மாறு, பார்த்தாலே ஆசை வரும். ஆனால் எங்களுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், மாதம் ஒரு தடவைக்கு மேல் முடிவதில்லை.

அதனால் இப்போது நான் செய்வது இதுதான்: முதலில் இரவல். அதே புத்தகத்தை இரண்டாவது தடவையும் அவளே எடுத்து வந்தால், அதை மட்டும் காசு போட்டு வாங்குவது. நாற்பது தடவை படிக்கிற புத்தகம் சொந்தமாக இருக்கத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை.

மூன்றாவது, போன். குழந்தைகளுக்கான புத்தகங்கள் போடும் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, படிக்கும் திறனுக்கு ஏற்ப நாலு நிலையாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். கதைகள் நன்றாகவே இருக்கின்றன. தொல்லை கொடுப்பது போன்தான். கதையில் யானை ஆற்றைக் கடப்பதற்குள் மேலே ஒரு வாட்ஸ்அப் வந்து விழும். யானை அங்கேயே நிற்கும், விரல் வேறு எங்கோ போய்விடும். அதனால் பிடிஎஃப்-ஆக இறக்கி, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தேன். கலர் இல்லாததும் நல்லதாகப் போயிற்று, அவளே தீட்டிக்கொண்டாள். தீட்டிய பக்கங்களைத் தூக்கிக்கொண்டு போய் அக்கம்பக்கத்துக்கெல்லாம் படித்துக் காட்டினாள்.

எங்கிருந்து புத்தகம் வந்தாலும், நாம் படித்துக் காட்டுவதா, அவளே படிக்கட்டும் என்று விடுவதா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. ஏழு வயதாகிவிட்டது, எழுத்துக் கூட்டத் தெரியும், தானே படிக்கட்டும் என்றுதான் முதலில் விட்டேன். ஒரு நாள் "பூனை பாலைக் குடித்துக்கொண்டிருந்தது" என்று தட்டுத்தடுமாறிப் படித்து முடித்தவள் கேட்டாள்: "குடிச்சுட்டு எதைம்மா கொண்டு போச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம்தான் உறைத்தது. வீட்டில் நாங்கள் பேசுவது "குடிச்சுக்கிட்டு இருந்துச்சு". புத்தகத்தில் இருப்பது அவள் காதில் விழுந்தே இராத வேறொரு தமிழ். எழுத்து தெரிந்தும் வாக்கியம் பிடிபடாமல் திணறுகிற பிள்ளையை "தமிழ் வராது" என்று நாமே முத்திரை குத்திவிடுகிறோம். எழுத்துத் தமிழ் முதலில் காதில் விழ வேண்டும். அதனால் இரவில் ஒரு கதை, எழுதியிருப்பதை எழுதியபடியே நான் வாசிப்பேன். முகத்தில் கேள்வி தெரிந்தால் மட்டும் அதே வரியைப் பேச்சில் சொல்வேன். இரண்டு மாதம் போனபின், பொம்மைக்குச் சோறு ஊட்டும்போது "இளவரசி உண்டுகொண்டிருந்தாள்" என்று அவளே சொல்வது காதில் விழுந்தது. தனியாகப் படிக்க விடுவதும் தேவைதான், ஆனால் இதற்கு அப்புறம்.

இத்தனைக்கும் மேலே ஒரு போட்டியாளர் இருக்கிறார், என் கணக்கிலேயே வராதவர். என் மாமனார். காலையில் தினத்தந்தியை வாய்விட்டுப் படிப்பது அவர் பழக்கம். டீக்கடை பெஞ்சில் பழகியது. சி.பா.ஆதித்தனார் 1942-இல் அதைத் தொடங்கியதே இந்த மதுரையில்தான், சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற தமிழில். மகள் அவர் மடியில் ஏறிக்கொண்டு கன்னித்தீவு கேட்பாள். ஒரு நாளைக்கு ரெண்டு மூணு கட்டம், கட்டத்துக்கு ஒன்றிரண்டு வரி, அதற்குள் சிந்துபாத்துக்கு ஏதாவது ஆபத்து. மிச்சம் நாளைக்கு. புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு இதைவிடச் சரியான அளவில் நான் நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய எதுவும் இல்லை. படித்து முடித்தாயா என்று தாத்தா கேட்டதும் இல்லை. ஒரு நாள் அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பொறுக்கமாட்டாமல் இவளே படித்துவிட்டாள்.

போன வாரம் மழையில் பேப்பர் சொட்டச் சொட்ட நனைந்து வந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் உரித்தெடுத்து, ஃபேனுக்குக் கீழே விரித்து, நாலு மூலைக்கும் நாலு செருப்பை வைத்துவிட்டு, பல்கூடத் தேய்க்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.