ஆர்எக்ஸ்-7க்குப் போதுமான பெட்ரோல்: எல்லையோரப் பட்டறை ஒன்றில் ஏழு வாரங்கள்

கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கொழிஞ்சாம்பாறைக்குப் போகும் சாலையில், கேரள எல்லையைத் தாண்டிச் சிறிது தூரத்தில், தென்னந்தோப்பை ஒட்டித் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று இருக்கிறது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. எழுதப்போகிறேன் என்று சொன்னபோது பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளரும் கேட்டுக்கொண்டார். என் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் எரிபொருள் அமைப்பு முழுவதையும் சென்ற ஆண்டு அங்கேதான் மாற்றினேன். மூன்று வாரம் என்று தொடங்கிய வேலை ஏழு வாரம் நீண்டது. இருந்தாலும் இந்த வண்டியை வேறொருவர் கையில் கொடுக்க இப்போது எனக்கு மனம் வராது.

வண்டி என் தாய்மாமாவுடையது. 1990களின் பிற்பகுதியில் சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியபோது, அப்படித் திரும்புகிறவர்களுக்கு அன்றிருந்த சலுகையில் கொண்டுவந்தார். ரோட்டரி இயந்திரம் நம் ஊரில் பலருக்குப் பழக்கமில்லாதது என்பதால் ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. இதில் பிஸ்டன் இல்லை. முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 654 சிசி, ஆக 1308 சிசி. அத்துடன் அடுத்தடுத்து வேலைக்கு வரும் இரண்டு டர்போக்கள் சேர்ந்து, ஆண்டைப் பொறுத்து 255 முதல் 280 வரை குதிரைத்திறன் தருவதாக ஜப்பானில் அறிவிக்கப்பட்டது. அதற்கு ஈடாக இந்த இயந்திரம் பெட்ரோலைத் தாராளமாகக் குடிக்கும். முழு வேகத்தில் பிஸ்டன் டர்போ இயந்திரத்துக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 300 மில்லி தேவை என்றால், இதற்கு ஏறத்தாழ 400 மில்லி தேவை. அந்த அளவு குறைந்துபோனால் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிந்து, அது தானாகவே வெடிக்கும் நாக்கிங் ஏற்படும். பிஸ்டன் வண்டி சற்று நேரம் அதைத் தாங்கும். ரோட்டரியில் ரோட்டரின் முனையிலுள்ள அபெக்ஸ் சீல் ஒரு நொடியில் உடையும், உடைந்த துண்டு எக்ஸாஸ்ட் வழியாகப் போய் டர்போவின் இறக்கையையும் நொறுக்கும். மாமா காலத்தில் ஒரு முறை அப்படி நடந்து, இயந்திரத்தை முழுவதுமாகப் பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று.

நான் பட்டறைக்குப் போனது, பெட்ரோலை இயந்திரத்துக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை மாற்றுவதற்காக. டர்போ தள்ளும் காற்றின் அழுத்தமான பூஸ்ட்டை 0.9 பார் வரை ஏற்ற எண்ணி, நிமிடத்துக்கு 1050 சிசி பாய்ச்சும் இன்ஜெக்டர் டைனமிக்ஸ் நிறுவனத்தின் இன்ஜெக்டர்கள் நான்கையும், அவற்றுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் ரெயில் குழாயையும் முன்கூட்டியே வரவழைத்திருந்தேன். வண்டியோடு வருபவை ரோட்டர்களுக்கு இடையிலுள்ள நடுத்தட்டில் 550 சிசி இரண்டும், காற்று உள்ளே வரும் மானிஃபோல்டில் 850 சிசி இரண்டும். உரிமையாளர், ஐம்பதைத் தாண்டிய மனிதர், அட்டைப்பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “குதிரைத்திறனை அப்புறம் பாத்துக்கலாமுங்க தம்பி, மொதல்ல பின்னாடி கரண்டு முழுசா போகுதான்னு பாப்போம்” என்று சொல்லிவிட்டு, பின்கதவைத் தூக்கிக் கம்பளத்தை விலக்கினார். டேங்கின் மேல்மூடி அங்கேதான் இருக்கிறது; பெட்ரோலை இயந்திரத்துக்குத் தள்ளும் பம்பு அந்த டேங்குக்குள்.

அடுத்து அவர் செய்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பார்வையில் இந்தப் பட்டறைக்குக் கொடுத்த பணம் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். வண்டியை ஓடவிட்டு பேட்டரியில் மீட்டர் வைத்தார்: 13.9 வோல்ட். பம்பின் முனையில் வைத்தார்: 11.4. சத்தத்தையும் தேய்மானத்தையும் குறைப்பதற்காக, சாதாரண ஓட்டத்தில் பம்புக்குக் குறைந்த மின்சாரமே போகும்படி மாஸ்டா ஒரு ரெசிஸ்டர் வைத்திருக்கிறது. அதைத் தவிர்த்து முழு மின்சாரம் போகும் நிலையில் எடுத்த அளவுதான் இந்த 11.4. முப்பது ஆண்டுப் பழைய ஒயரும் கறுத்துப்போன கனெக்டரும் இரண்டரை வோல்ட்டை வழியிலேயே தின்றுகொண்டிருந்தன. பிறகு வண்டியை அணைத்துவிட்டு, மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பி வரும் குழாயைக் கழற்றி ஐந்து லிட்டர் கேனுக்குள் விட்டார். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயில் ஒரு பிரஷர் மீட்டரையும் சைக்கிள் பம்பையும் பொருத்தி, டர்போ ஓடும்போது இருக்கும் அழுத்தத்தைக் கையாலேயே உண்டாக்கினார். பக்கத்தில் மணல் வாளி. பேட்டரி தேயாமல் இருக்க சார்ஜர். பம்பை மட்டும் முப்பது நொடி ஓடவிட்டு, கேனில் விழுந்ததை அளந்தார். ஒரு லிட்டருக்கும் சற்றுக் குறைவு. அதாவது மணிக்குச் சுமார் 115 லிட்டர். மேலே சொன்ன 400 மில்லிக் கணக்கில் போட்டால் 290 குதிரைத்திறனுக்குக்கூட இது எட்டாது. எத்தனை பெரிய இன்ஜெக்டரை மாட்டியிருந்தாலும், வராத பெட்ரோலை அது எப்படிப் பாய்ச்சும்?

எத்தனாலை அவர் கணக்கில் சேர்த்த பிறகு நிலைமை இன்னும் மோசமாகத் தெரிந்தது. இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதே வேலைக்கு ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். தமிழ்நாட்டில் விலை குறைவு என்பதற்காக, எங்கள் பக்கத்தில் அங்கே போய் டேங்கை நிரப்பி வருவது எல்லோருக்கும் வழக்கம். எந்தப் பக்கம் நிரப்பினாலும் எத்தனால் ஒன்றுதான், பழைய ரப்பரைக் கெடுக்கும் என்று சொல்லிக்கொண்டே, மானிஃபோல்டைக் கழற்றி அடியிலிருந்த பழைய ஹோஸ் ஒன்றை எடுத்து இரண்டு விரலால் மடக்கிக் காட்டினார். மடக்கிய இடத்தில் ரப்பர் ஓலைவெடி போலப் படபடவென்று பிளந்து, கறுப்புத் தூள் அவர் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. அதன் அருகில், பெட்ரோல் அழுத்தத்தின் துடிப்பை அடக்கும் பல்சேஷன் டேம்பரின் விளிம்பில் பெட்ரோல் கசிந்து காய்ந்த பழுப்புக் கறை. இந்த மாடலில் வயதாகும்போது அந்த டேம்பர் கசிவதும், கசிவது சூடான இயந்திரத்தின் மேல் விழுவதும் உலகறிந்த குறை. தீப்பிடித்த வண்டிகளின் கதை நான் படித்ததுதான், ஆனால் என் வண்டியிலும் அந்தக் கறை இருக்கும் என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆகவே வேலை தலைகீழாக நடந்தது. முதலில் பேட்டரியிலிருந்து பின்புறம் வரை தடித்த ஒயர், தனி ரிலே, 30 ஆம்பியர் ஃப்யூஸ். அதே பழைய பம்புக்கு 13.6 வோல்ட் கிடைத்ததும், கேனில் விழுந்த அளவு கால் பங்கு கூடியது. ஒரு பைசாப் பெட்ரோல் பாகம் மாற்றாமல் கிடைத்த லாபம் இது. அடுத்து வால்ப்ரோவின் 450 பம்பு; எத்தனாலைத் தாங்கும் வகை. முதலில் நான் இணையத்தில் மலிவாக வாங்கிக் கொடுத்த பம்பு, அதே கேன் சோதனையில் சொன்ன அளவில் பாதியைக்கூடத் தரவில்லை. போலி. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அசலை வரவழைக்க மேலும் பத்து நாள் போயிற்று. அசல் பம்பு முப்பது நொடியில் மூன்று லிட்டரைத் தாண்டியது. இவ்வளவு பெரிய பம்பைப் போட்டால், இயந்திரம் மட்டும் ஓட வண்டி ஐடிலில் நிற்கும்போது திரும்பிப் போகும் பெட்ரோலைப் பழைய ரெகுலேட்டரால் விழுங்க முடியாமல் அழுத்தம் தானாக ஏறும். அதனால் திருகி அளவு வைக்கும் ரெகுலேட்டரும், சற்று அகலமான ரிட்டர்ன் குழாயும் சேர்ந்தன. அடிப்படை அழுத்தம் 3 பார். பூஸ்ட் ஏறும் அளவுக்கு அதுவும் ஏறும்.

இன்ஜெக்டர் விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. 550 இரண்டையும் சுத்தம் செய்து அப்படியே விட்டுவிட்டு, மானிஃபோல்டில் இருப்பவற்றை மட்டும் பெரிதாக்கினால் போதும் என்பது அவர் கருத்து. நான்கும் கையில் இருக்கின்றனவே என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அதன் விளைவை இன்று வரை நான்தான் அனுபவிக்கிறேன்: காலையில் குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்பினால் சில நிமிடங்களுக்கு ஐடில் ஏறி இறங்கித் தடுமாறுகிறது, பாலக்காட்டு நெரிசலில் நிற்கும்போது பெட்ரோல் வாசனை வருகிறது. இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் பவர் எஃப்சி இசியூ கணினியில் இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் தாமதத்தை இரண்டு முறை திருத்திய பிறகு ஓரளவு அடங்கியிருக்கிறது. கணக்குப் பார்த்தாலும் அவர் சொன்னதே சரி. பழைய நான்கும் சேர்ந்து மணிக்கு 168 லிட்டர் தரும். பழைய டர்போக்களோடு எனக்குத் தேவைப்படுவது 145 லிட்டர் அளவில்தான். பெரிய ஒற்றை டர்போ போடும் எண்ணம் இல்லாதவர்கள், இன்ஜெக்டருக்கு வைத்த பணத்தை ஹோஸுக்கும் ஒயருக்கும் தாராளமாகத் திருப்பலாம்.

குறையும் உண்டு, சிறியதல்ல. வண்டியை எடுத்து இரண்டு வாரத்தில், சூடான பிறகு அழுத்தம் 3 பாரிலிருந்து மெல்ல இறங்குவதை மீட்டரில் கண்டேன். நல்ல வேளையாகப் பூஸ்ட்டில் ஓட்டவில்லை. டேங்கைத் திறந்தபோது, பம்பிலிருந்து மேல்மூடிக்குப் போகும் சிறு ஹோஸ் ஊறி உப்பி, கிளிப்பிலிருந்து நழுவத் தொடங்கியிருந்தது. பெட்ரோலை உள்ளே கொண்டுபோகும் ஹோஸ் வேறு, பெட்ரோலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் ஹோஸ் வேறு. பின்னதற்கு வெளிப்புறமும் எரிபொருளைத் தாங்கும் 30ஆர்10 வகை வேண்டும். அவருடைய பையன் அவசரத்தில் சாதாரண ஹோஸை வெட்டி மாட்டியிருக்கிறான். அவ்வளவு அளந்து பார்த்த பட்டறையில் அரை அடி ஹோஸ் இயந்திரத்தையே பலி வாங்கியிருக்கக்கூடும் என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. உரிமையாளர் சாக்குச் சொல்லவில்லை; கூலியும் வாங்காமல் அன்றே மாற்றிக் கொடுத்து, கழற்றிய ஹோஸைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். பில் கொடுக்கும் விதமும் திருந்த வேண்டும்: ஒரே தொகையைத் துண்டுத்தாளில் எழுதித் தருகிறார், எதற்கு எவ்வளவு என்று கேட்டு நாமே குறித்துக்கொள்ள வேண்டும்.

ட்யூனிங் அங்கே செய்வதில்லை. கோவையில் குதிரைத்திறனை அளக்கும் டைனோ உள்ள இடத்துக்கு அவரே உடன் வந்தார். பூஸ்ட்டில் லாம்டா (1 என்றால் காற்றும் பெட்ரோலும் சரியளவு) 0.75 அளவில், பெட்ரோல் மிகுந்த கெட்டியான கலவையாகவே வைத்து, 0.9 பாரில் சக்கரத்தில் 290 குதிரைத்திறன் வந்தது. இன்னும் ஏற்றலாம் என்று டைனோக்காரர் சொன்னபோது, போதும் என்று இவர் லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டார். பிறகு செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இரண்டு நாள் ஓட்டினேன். வளைவுகளிலும் அழுத்தமானியின் முள் அசையவில்லை. ஆனால் டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்கவிடக் கூடாது என்பது அவருடைய கட்டளை. நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சினால் இத்தனை செலவும் வீண். பம்புக்குப் பெட்ரோல் அறாதபடி தேக்கி வைக்கும் தனிச் சர்ஜ் டேங்க் வைக்கலாமே என்றதற்கு, வீட்டுக்கு ஓட்டிப் போகிற வண்டியில் இருக்கைக்குப் பின்னால் இன்னொரு பெட்ரோல் தொட்டி எதற்கு என்று மறுத்துவிட்டார்.

போகிறவர்களுக்கு: டேங்கில் கால் பங்குக்கு மேல் பெட்ரோல் இல்லாமல் கொண்டுபோங்கள், இல்லையென்றால் அதை இறைத்து வைக்கவே அரை நாள் ஆகும். பாகங்களை வாங்குவதற்கு முன் வண்டியை ஒரு முறை காட்டிவிடுங்கள். கிளம்பும் முன் டேங்க் மூடியை உங்கள் கண்ணெதிரே திறந்து, உள்ளிருக்கும் ஹோஸில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள். அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.