ஃபயர்ப்ரூஃப் லாக்கர் வாங்குகிறீர்களா? உள்ளே எத்தனை டிகிரி என்று கேளுங்கள்

எனக்கு விற்ற ஃபயர்ப்ரூஃப் லாக்கர் தீயில் உருக்குலையாமல் நின்றது. ஆனால் உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கும், அப்பா எடுத்த படங்களின் நெகட்டிவ்களும் போய்விட்டன. இன்னொரு வீட்டில் இது நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வாங்கும்போதே என்னென்ன வைக்கப் போகிறேன் என்று விற்பனையாளரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பத்திரம், சான்றிதழ்கள், ஹார்ட் டிஸ்க், நெகட்டிவ். "927 டிகிரியில ஒரு மணி நேரம் தாங்கும் சார், எதை வேணும்னாலும் வைங்க" என்றார். கதவில் இருந்த யூஎல் (UL, அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனம்) முத்திரையையும் தொட்டுக் காட்டினார்.

அப்புறம் ஒருநாள் அந்த அறையில் தீப்பிடித்தது. அணைத்து, லாக்கர் நன்றாக ஆறிய பிறகுதான் திறந்தோம். (சூட்டோடு திறக்கவே கூடாது. காற்று உள்ளே போனதும் காகிதம் பற்றிக்கொள்ளலாம்.) பத்திரங்கள் நமுத்துப்போய், ஓரம் பழுத்து இருந்தன, ஆனாலும் படிக்க முடிந்தது. நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எதையும் மீட்க முடியவில்லை.

கடையில் போய்க் கேட்டதற்கு வந்த பதில்: "பேப்பரெல்லாம் நல்லாத்தானே சார் இருக்கு? ரேட்டிங் பேப்பருக்குத்தான்." விற்கும்போது வாயே திறக்காத விஷயம் இது.

927 டிகிரி என்பது சோதனை உலையின் வெப்பம், அதாவது பெட்டிக்கு வெளியே. நமக்கு வேண்டியது உள்ளே எவ்வளவு ஏறும் என்பது. யூஎல் 72 தரநிலையில் 'கிளாஸ்' என்று போட்டிருக்கும் எண் அதைத்தான் சொல்கிறது, ஃபாரன்ஹீட்டில். கிளாஸ் 350 என்றால் உள்வெப்பம் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. காகிதம் அதைத் தாங்கும். நெகட்டிவ், காந்த நாடா போன்றவற்றுக்குக் கிளாஸ் 150 வேண்டும், அதாவது 66 டிகிரிக்குள். கணினி டிஸ்க்குகளுக்குக் கிளாஸ் 125, வெறும் 52 டிகிரி. எனக்குக் கொடுத்தது 350.

வெப்பம் மட்டுமல்ல, ஈரமும் கெடுக்கும். இந்தப் பெட்டிகளின் சுவருக்குள் நீரைப் பிடித்து வைத்திருக்கும் ஜிப்சம் அல்லது கான்கிரீட் போன்ற கலவை இருக்கிறது. சூடேறும்போது அந்த நீர் ஆவியாகி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஆவி உள்ளேயும் வரும். காகிதத்தை உலர்த்திக்கொள்ளலாம், ஃபிலிமை ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் கிளாஸ் 150-க்கு ஈரப்பதம் 85 சதவீதத்தையும், 125-க்கு 80 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 350-க்கு அப்படி எதுவும் கிடையாது.

ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1047-1 முத்திரை இருந்தால் எழுத்தைப் பாருங்கள். எஸ் 60 பி (S 60 P) என்றால் 60 நிமிடம், காகிதத்துக்கு. டிஐஎஸ் (DIS) என்று முடிந்தால்தான் டிஸ்க்குகளுக்கு.

முத்திரை இருப்பதாலேயே நம்பிவிடாதீர்கள். அதே யூஎல் பெயரில் திருட்டுத் தடுப்புக்கும் முத்திரை உண்டு, பூட்டுக்கு மட்டுமேயான முத்திரையும் உண்டு. தீ, கிளாஸ் எண், நேரம் மூன்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். தரநிலையின் பெயரே இல்லாமல் "எங்கள் தொழிற்சாலையில் சோதித்தது" என்று மட்டும் இருந்தால் நான் வாங்க மாட்டேன். முறையான சோதனையில் உலையை அணைத்த பிறகும் பெட்டியை அதற்குள்ளேயே ஆறவிட்டு அளப்பார்கள், ஏனென்றால் தீ அணைந்த பிறகும் உள்வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கும். சொந்தச் சோதனையில் அதைச் செய்தார்களா என்று நமக்கு எப்படித் தெரியும்?

கடைக்காரர் வாயால் சொல்வதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்தத் தரநிலை, எந்தக் கிளாஸ், எதை வைக்கலாம். ஏற்கெனவே கிளாஸ் 350 வாங்கியவர்கள் ஹார்ட் டிஸ்க்கையும் நெகட்டிவையும் இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். அத்தகைய லாக்கருக்குள் வைப்பதற்கென்றே தரச்சான்று பெற்ற டேட்டா பெட்டிகள் தனியாகக் கிடைக்கின்றன. அது வரும்வரை ஒரு நகலாவது வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும்.