கேஸ் ரிப்போர்ட்டா, கிளினிக்கல் டிரயலா: எதை எப்போது நம்புவது?

ஒரு நோயாளிக்கோ ஒருசிலருக்கோ நேர்ந்ததை மருத்துவர் எழுதும் குறிப்புதான் கேஸ் ரிப்போர்ட். மருத்துவ இதழ்கள் பல இப்போது அது என்றாலே திருப்பி அனுப்பிவிடுகின்றன. இப்படிப்பட்ட கட்டுரையை மற்றவர்கள் மேற்கோள் காட்டுவது குறைவு. மேற்கோள் குறைந்தால் இதழின் மதிப்பெண் இறங்கும். முதல் மரியாதை, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சிகிச்சைகளை ஒப்பிடும் கிளினிக்கல் டிரயலுக்குத்தான்.

ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்ற கேள்விக்கு அந்த மரியாதை நியாயமானதே. சென்னையிலேயே சான்று இருக்கிறது. 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் கட்டில், சத்தான சாப்பாடு, முழு ஓய்வு. மற்றவர்கள் நெரிசலான சொந்த வீட்டிலேயே இருந்து அதே மருந்துகளைச் சாப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் குணமானவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் தொற்று கூடவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு, காசநோயாளிகளை ஊரைவிட்டுப் பிரித்து வைக்கும் வழக்கத்தையே அசைத்தது. வீட்டில் குணமானவர்களைப் பற்றி எத்தனை கேஸ் ரிப்போர்ட் எழுதியிருந்தாலும் இதை நிறுவியிருக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கம் வேண்டுமே.

ஆனால் தீங்கைக் கண்டுபிடிக்கும் வேலையில் நிலைமை தலைகீழ். தாலிடோமைடு என்ற தூக்க மருந்து 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் மசக்கைக்கும் தூக்கத்துக்கும் சாப்பிட்டார்கள். 1961 நவம்பரில் விடுகிண்ட் லென்ஸ் என்ற ஜெர்மன் குழந்தை மருத்துவர், இந்த மருந்து கருவைப் பாதிக்கிறது என்று எச்சரித்தார். டிசம்பரில் ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைட், லான்செட் என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்குச் சில வரிகளில் ஒரு கடிதம் எழுதினார். மருந்து சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய 20 சதவீதத்தினரிடம் கடுமையான உறுப்புக் குறைபாடுகளைப் பார்க்கிறேன், நீங்கள் யாராவது பார்த்தீர்களா என்பதுதான் விஷயம். இதற்கு எந்த டிரயல் நடத்துவது? கருவைச் சிதைக்குமோ என்று பார்ப்பதற்காகக் கர்ப்பிணிக்கு மருந்து கொடுக்க முடியுமா?

புது நோய்க்கும் அப்படித்தான். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க அரசின் வாராந்திர நோய் அறிக்கையில், லாஸ் ஏஞ்சலஸில் அரிதான நிமோனியா வந்த 5 இளைஞர்களைப் பற்றிய குறிப்பு வந்தது. எய்ட்ஸ் உலகத்தின் கண்ணில் பட்டது அப்படித்தான். அப்போது அதற்குப் பெயர்கூட இல்லை.

கேஸ் ரிப்போர்ட்டின் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. 1998இல் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை உட்பட மூன்று நோய்களுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட கட்டுரையை லான்செட் 2010இல் திரும்பப் பெற்றது. அதற்குள் எத்தனையோ பெற்றோர் தடுப்பூசிக்குப் பயந்துவிட்டார்கள்.

என் தீர்ப்பு இதுதான்: ‘ஒருவர் இந்த மருந்தில் குணமானார்’ என்று வரும் கேஸ் ரிப்போர்ட்டை வைத்து யாருக்கும் மருந்துச் சீட்டு எழுதாதீர்கள், டிரயல் வரட்டும். ‘இந்த மருந்துக்குப் பிறகு ஒருவருக்கு இப்படி ஆனது’ என்று வந்தால் டிரயலுக்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் வார்டின் பதிவேடுகளை அன்றைக்கே புரட்டுங்கள். இந்த இரண்டாவது வகையையும் மதிப்பெண்ணுக்குப் பயந்து திருப்பி அனுப்பும் இதழாசிரியர்கள் பெரிய தவறு செய்கிறார்கள்.